மரத்தூள் வைத்து அடைத்த சுவர்

எங்களுக்கு இரண்டு வீடு. கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். குடியிருந்து பார்த்தால்தான் அந்தச் சீர் தெரியும். போடியில் இருக்கும் ஓட்டு வீட்டில் சித்திரை மாதம் உட்கார முடியாது. மலையில் ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் மார்கழி மாதம் படுக்க முடியாது என்று ஊரார் நினைத்துக்கொள்வார்கள். அதை மட்டும் என் வீட்டுக்காரர் ராஜாராம் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் மலை வீட்டில் குளிரே கிடையாது என்று பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம்கூடச் சொல்லிக்கொண்டு வருவார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் கம்பளிக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது, நாங்கள் ஒற்றைப் போர்வையில் தூங்கி எழுந்தோம். காரணம் கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான். அவருடைய அப்பா பார்த்த இடமாம். பின்னால் இருக்கும் மேடு காற்றை மறிக்கிறதாம். மனுசன் குச்சி நட்டு, காற்று பார்த்து, மூன்று தடவை இடம் மாற்றிக் கடைக்கால் தோண்டினார் என்று ஆரம்பித்தால் விடமாட்டார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

வீட்டை ஒட்டினாற்போல ஸ்டோர். பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அறையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். வெளியே பெரிய அடுப்பு இருக்கும். விறகு எரிகிற சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போய், தரையைச் சுற்றி வந்து, மறுபக்கம் புகையாகக் கூரைக்கு மேலே போய்விடும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டு, தட்டு நிறையக் காய். என் மாமனார் கெட்டிக்காரச் செட்டுக்காரர். வீட்டுக்கு ஒரு சுவர், ஸ்டோருக்கு ஒரு சுவர் எதற்கு என்று இரண்டுக்கும் நடுவில் ஒரே கல் சுவராக எழுப்பி முடித்துவிட்டார்.

பெரிய வறட்சி முடிந்த மறு வருஷம் அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. புகை காய்க்குள் இறங்கியது. ஏலக்காயை முகர்ந்தால் அடுப்படி வாசனை வந்தது. இனி ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது, மாற்றியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

எதை வாங்குவது என்று யோசிப்பதிலேயே ஆவணி மாதம் முழுக்கப் போயிற்று. போடித் தகரக்கடைக்காரர் பழைய மாதிரியே குழாய் அடித்துத் தருவதாகச் சொன்னார். மேல்தோட்டத்துக்காரர் டீசல் மோட்டார் வைத்துச் சூடான காற்றை ஊதுகிற மெஷின் வாங்கியிருந்தார். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ராஜாராம் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா? பழையபடியே குழாயைப் போட்டுவிட்டு, மிச்சத்தில் போடி வீட்டுக்கு ஒரு காத்தாடி மாட்டுங்கள், சித்திரையில் நான் ஓட்டுக்குக் கீழே வெந்து சாகிறேன் என்றேன். காதில் விழாதது மாதிரி இருந்தார்.

அப்புறம் திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆள் ஜீப்பில் வந்து இறங்கினார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்டோருக்குள் போய் நாலு சுவரையும் தொட்டுப் பார்த்தார். உங்கள் சூட்டில் பாதி கல் சுவருக்குத்தான் போகிறது, காய்க்குப் போகவில்லை என்றார். புதுக் குழாய் போட்டு, நாலு சுவருக்கும் உள்பக்கம் பலகை அடித்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மரத்தூளை இடித்து அடைத்துவிட்டால் பாதி விறகு போதும், சூடும் ஒரே சீராக நிற்கும் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விறகுதான் எங்களுக்கு அப்போது பெரிய தலைவலி. காட்டிலாகா ஆட்கள் ஒரு லோடு விறகைக்கூட விடாமல் மறித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட, சீரான சூடு என்ற சொல்லில் என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். உலர்த்துகிறபோது சூடு ஏறி இறங்கினால் காயில் பச்சை நிற்காது, வெளுத்துப் பழுப்பு ஏறிவிடும். போடியில் ஏலம் நடக்கும்போது காயைத் தட்டில் போட்டு வியாபாரிகளிடம் கொண்டுபோவார்கள். பேரைப் பார்க்காமலேயே, இது ராஜாராம் காய் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேருக்காக அவர் என்னையே விற்றாலும் விற்றிருப்பார்.

பலகை அடித்தார்கள். மரத்தூள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கூலியாளோடு கூலியாளாக நின்று, கட்டையால் இடித்து இடித்து அடைத்தவர் அவர்தான். முதல் அடுப்பில் எடுத்த காயைப் பார்த்ததும் எனக்கே சண்டை போட மனசு வரவில்லை. அவ்வளவு பச்சை. ஒரு கைப்பிடியை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு மலை பூராவும் காட்டிவிட்டு வந்தார்.

அந்த ஐப்பசியிலிருந்து என் வீட்டில் மாவு புளிக்கவில்லை. சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு காலையில் ஆட்டியபடியே உட்கார்ந்திருந்தது. போடி மளிகைக்கடைக்காரர் பழைய உளுந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். கீழே போனபோது கடை வாசலில் நின்று அந்த மனுசனை நான் கேட்ட கேள்வியில் சரக்கு வாங்க வந்த ரெண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். துணி காயவில்லை, மழையைத் திட்டினேன். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து நின்றது, எண்ணெய்க்காரியைத் திட்டினேன். இந்த வருசம் குளிர் ஜாஸ்தி என்று ராஜாராம் சொல்லிவிட்டு எனக்கு ஒரு கம்பளி வாங்கி வந்தார். வீடு எதனால் சூடாக இருந்தது என்று இத்தனை வருஷமாக அதற்குள் குடியிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எல்லாம் மேடு மறிக்கிறது, மாமனார் பார்த்த இடம்.

இந்த நிலைமையில்தான் அய்யம்மாள் வந்தாள். ராஜாராமுக்கு ஒரே தங்கச்சி, தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு. முதல் பிரசவத்துக்கு அவளை அழைத்துவர முடியாமல் போயிற்று. அந்தப் பிள்ளை தேவாரத்திலேயே பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்காமல் போய்விட்டது. அதை நினைத்து அவர் எத்தனையோ நாள் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறார். இந்தத் தடவை ஏழாம் மாசம் முடிந்ததும் வளையலைப் போட்டு அழைத்துவந்தே தீருவேன் என்று நின்றார்.

அவள் புருஷன் சுருளிவேல் நல்ல பையன்தான். ஆனால் பயந்திருந்தான். மலைக்குளிரில் வைத்திருக்க வேண்டாம், போடி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். காய் பறிப்பு நேரம், நாங்கள் இரண்டு பேரும் தை வரைக்கும் மலையைவிட்டு இறங்கி அங்கே தங்க முடியாது. போடி வீடு பூட்டிக் கிடந்தது. தேவாரத்தில் வளையல் போட வந்த கூட்டம் அத்தனை பேருக்கும் நடுவில் ராஜாராம் எழுந்து நின்றார்.

"மாப்ளே, எங்க வீட்டுல குளிரே கெடையாது. ஒம்பதாம் மாசம் பொறந்ததும் போடி ஆஸ்பத்திரியில நானே சேக்குறேன். எந்தங்கச்சியப் பிள்ளையோட கொண்டாந்து ஒங்க வீட்டுல விடுறது எம்பொறுப்பு."

எனக்கு உறைந்துபோன எண்ணெய் பாட்டில் கண்முன்னால் வந்து நின்றது. சபையில் புருஷன் கொடுத்த வாக்கை மறித்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு குளிர்காலம்தானே, இரண்டு கம்பளியைக் கூடப் போட்டால் போயிற்று என்றும் நினைத்தேன்.

அய்யம்மாள் வாய்விட்டு ஒன்றும் சொல்கிறவள் இல்லை. வந்த அன்றைக்கே கைகால் நடுங்கியது. முன்பு வந்தபோது இப்படி இல்லையே மதினி என்று மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் காதில் அது விழுந்துவிட்டது. மறுநாள் கீழே போய் இன்னொரு கம்பளி வாங்கி வந்தார்.

ஒன்பதாம் மாசம் பிறப்பதற்குள் மார்கழியில் ஒரு விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டுவிட்டது. கதவைத் திறந்தால் முற்றம் தெரியவில்லை, அப்படி ஒரு மஞ்சு. ஜீப் ஓட்டுகிற பேச்சிமுத்து முந்தின நாள்தான் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கியிருந்தான், மறுநாள் மத்தியானம்தான் திரும்புவான். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் ஓடி, பிரசவம் பார்க்கிற இருளம்மாளைக் கூட்டிவந்தான். அவள் வந்து கைகழுவி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். என் ஒரு கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தது. அழுகிறதா முனகுகிறதா என்று குனிந்துதான் கேட்கவேண்டியிருந்தது.

உசிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எடை கட்டாத பிள்ளை, உடம்புச் சூடு இறங்கவே கூடாது என்றாள் இருளம்மாள். தாயின் வெறும் மார்பில் பிள்ளையைப் படுக்கவைத்து, மேலே எல்லாக் கம்பளியையும் போட்டோம். தாய்க்கே பல் கிட்டியது, அவளிடம் பிள்ளைக்குக் கொடுக்கச் சூடு எங்கே இருந்தது? ஒரு சட்டியில் கரி நெருப்பு அள்ளிக்கொண்டு போய் வைத்தேன். அந்தப் புகையில் பிள்ளை மூச்சுக்குத் திணறியது. இருளம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினாள். மணலை வறுத்துத் துணியில் கட்டிக்கட்டி வைத்தோம். அது ஆறுகிற வேகத்துக்கு எங்களால் வறுக்க முடியவில்லை.

அய்யம்மாள் கம்பளிக்குள் கையைவிட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"மதினி, போன பிள்ளைக்கும் கால்தான் மொதல்ல சில்லுன்னு ஆச்சு" என்றாள்.

அழாமல் சொன்னாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கட்டிலைப் பிடித்து ஸ்டோர்ச் சுவரோரமாக இழுத்தேன். ஏன் அங்கே இழுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தலை துவட்டுவதற்கும், இடுப்பு வலிக்கிறபோது சாய்ந்து உட்காருவதற்கும், மாவுச் சட்டியை வைப்பதற்கும் எத்தனையோ வருஷமாக நான் போகிற இடம் அது, இந்தப் பறிப்பில்தான் அங்கே சாய நேரம் கிடைக்கவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தேன். சுவர் சில்லென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அடுத்த பக்கம் அடுப்பு எரிகிறது, விறகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது, சுவர் ஐஸ்கட்டி மாதிரி இருக்கிறது. மாவு, துணி, எண்ணெய் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. மேடாவது, மறிக்கிறதாவது. இத்தனை வருஷமும் எங்களைச் சூடாக வைத்திருந்தது இந்தச் சுவர்தான்.

வெளியே ஓடினேன். ராஜாராம் அடுப்பு வாயில் குந்தியிருந்தார். அந்த வருஷத்திலேயே பெரிய பறிப்பு அதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஏற்றிய காய், தட்டு அத்தனையும் நிறைந்து, பாதி உலர்ந்த நிலையில் இருந்தது. அந்த நேரத்தில் ஸ்டோர்க் கதவைத் திறக்கிறவனை அவர் வெட்டவே வந்துவிடுவார்.

"வெரசா வந்து அந்தச் செவத்தைத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

என்ன ஏது என்று கேட்காமல் வந்தார். தங்கச்சி படுத்திருக்கிற அறைக்குள் ஆண்பிள்ளை வரக் கூடாத நேரம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. சுவரில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். அவரிடம் சொல்ல எனக்கு நூறு பேச்சு இருந்தது. ஆவணியிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. தன் கையாலேயே இடித்து இடித்து அடைத்த மனுசன்.

"வேலு, நீ அடுப்பப் பாத்துக்க. கெடக்குற வெறகு பூராத்தையும் போடு" என்று என்னிடம் சொன்னார்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஸ்டோர்க் கதவை விரியத் திறந்தார். உள்ளே இருந்த சூடு மொத்தமும் அவர் மேல் அடித்து வெளியே போனது. தட்டுகளை உருவி உருவிக் கீழே போட்டு வழி பண்ணினார். காய் தரையில் சிதறி, அவர் காலுக்கடியில் நசுங்கியது. வீட்டுப் பக்கத்துப் பலகையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஆணி கிரீச்சிட்டது. ஒரு பலகை பெயர்ந்ததும் மரத்தூள் சரிந்து, மிச்சமிருந்த தட்டுகளின் மேல் கொட்டியது. அவர் நிறுத்தவில்லை. முன்பு ஒரு தடவை காய் வெளுத்ததற்காகக் கூலியாட்களை ஒரு வாரம் திட்டிய வாய், அன்றைக்கு ஒரு சத்தம் போடவில்லை. வெறும் கல் சுவர் தெரிகிற வரைக்கும் இடித்தார். மரத்தூளை முறம் முறமாக அள்ளி வெளியே கொட்டினார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து விறகு போட்டார். கண் இமையெல்லாம் தூள் அப்பியிருந்தது.

கல் அவ்வளவு சீக்கிரம் சூடு வாங்குமா? நான் ஓடி ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். முதலில் சில்லென்பது போயிற்று. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் குலசாமியை நான் அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி பிற்பாடு எப்போதும் கூப்பிட்டதில்லை. மஞ்சு விலகிக் கொஞ்சம் வெளிச்சம் வந்த நேரத்தில் கல்லில் சூடு ஊறி வெளியே வந்தது. அய்யம்மாள் புரண்டு, முதுகை முழுக்கச் சுவரோடு சேர்த்துவைத்துக்கொண்டாள். அவளுடைய நடுக்கம் நின்றது. அவள் மார்பில் கிடந்த பிள்ளையின் காலை இருளம்மாள் பிடித்துப் பிடித்துப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குப் பக்கமாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலுக்குச் சூடு வந்துருச்சு தாயி" என்றாள்.

வெளியே போய் அவரிடம் சொன்னேன். அவர் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

மறுநாள் பேச்சிமுத்து ஜீப்பில், பெண்டாட்டியைப் பார்க்கக் கிளம்பிய சுருளிவேலும் வந்து இறங்கினான். இந்தச் சுண்டைக்காய் உடம்பை வளைவு ரோட்டில் காற்றில் கொண்டுபோகக் கூடாது, பால் குடித்துக் கொஞ்சம் தேறட்டும் என்று இருளம்மாள் சொல்லிவிட்டதால் அவனும் அங்கேயே தங்கினான். அடுத்தடுத்து ஏற்றிய காய்க்கெல்லாம் அந்த ஒரு பக்கச் சுவரை வெறுமனே விட்டுத்தான் அடுப்பு எரிந்தது. திண்டுக்கல் ஆள் சொல்லியனுப்பினார், வந்து பலகையைத் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று. வேண்டாம் என்று ராஜாராம் சொல்லிவிட்டார். மற்ற மூன்று சுவர் அவர் சொன்னபடியே இருக்கட்டும், இது இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். விறகு கொஞ்சம் கூடத்தான் பிடித்தது.

பிள்ளை தேறியதும் எல்லோருமாக ஜீப்பில் போடிக்கு இறங்கினோம். டாக்டர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அன்றைக்கு ஏல நாள். அந்தப் பாழாய்ப்போன காயையும் கழுவாத குறையாகப் புடைத்து, மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தோம். கொண்டுபோக வேண்டாம், பேர் கெட்டுவிடும் என்று மலையிலேயே எத்தனையோ பேர் சொன்னார்கள். விளைந்ததை விற்காமல் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. அவர் ஏலக்கூடத்துக்குள் போனார். அய்யம்மாளும் சுருளிவேலும் ஜீப்பில் பிள்ளையோடு இருந்தார்கள். நான் மனசு கேட்காமல் இறங்கிப்போய் வாசலோரம் நின்றுகொண்டேன்.

எங்கள் தட்டு வந்தது. வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலது வெளுத்திருந்தது, சிலது பழுப்பு, உற்றுப் பார்த்தால் மரத்தூள் துணுக்கும் கிடந்தது. வருஷக்கணக்காக எங்கள் காயை எடுக்கிற பெரிய வியாபாரி ஒருவர் ரெண்டு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"என்னப்பா ராஜாராம், ஒங் காயா இது? என்ன ஆச்சு?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். மழை என்று சொல்லலாம், குழாய் உடைந்தது என்று சொல்லலாம். இந்த மலையில் எல்லோரும் சொல்கிறதுதான்.

ராஜாராம் எழுந்து நின்றார். தேவாரத்தில் சபைக்கு நடுவில் நின்ற அதே ஆள்தான், ஆனால் அந்த நிமிர்ச்சி இல்லை. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஆமா, எங் காய்தான். எந்தங்கச்சி பிள்ளைக்குக் குளிருச்சு, மொதலாளி. இதுக்கு வச்சிருந்த சூட்ட அதுக்குக் குடுத்துட்டோம்."

வியாபாரி கையில் இருந்த ரெண்டு காயையும் தட்டில் திரும்பப் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏலம் கூறுகிறவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். "பிள்ளை எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல், என்னைத் தாண்டி வெயிலில் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.